ஆற்றிலிட்டுக் குளத்தில் எடுத்தல்: பதிப்புக் களஞ்சியங்களின் சேமிப்பு வடிவம் அறிதலும் தேர்தலும்

முன்னுரை

விருத்தாசலம் என்னும் வடமொழிப் பெயர் பழமையான மலை எனப் பொருள்படும். தேவாரம் பாடிய மூவரும் இவ்வூரை முதுகுன்றம் என்றே போற்றினர். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் திருக்கோயிலைக் கொண்டு விளங்கும் இவ்வூர், இக்காலத்துப் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. பீங்கான் பொருள்கள் செய்யும் தொழிற்கூடங்களும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு உள்ளன.

இவ்வூரைப் பற்றிச் சேக்கிழார் பெரியபுராணத்துள் கூறும் செய்தியொன்று யாவரும் அறிந்ததே. சுந்தரர் முதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பெற்றார். ஆற்றில் இடுமுன் அவர் அப்பொன்னில் சிறிது வெட்டித் தம் கையில் வைத்துக்கொண்டார். மாதிரியாகக் கொள்ளப்பட்ட அப்பொன்னுக்கு மச்சம் என்று பெயர். ஆரூரில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. பின்னர்ப் பாடி, நிறைந்த மாற்றுடைய பொன்னைப் பெற்றார் என்பது வரலாறு.

இச்செய்தியை அன்பர் பத்திக்கண் கொண்டு நோக்குவர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதன் ஒரு கூற்றினை மட்டுமே. ஓரிடத்தில் இட்ட பொருளை வேறிடத்தில், வேறு காலத்தில் எடுக்க விரும்புவோன், எடுத்தது இட்டதுதானா என்று அறிதற்கு வழி செய்துகொண்டே இடுதல் வேண்டும் என்பதே அக்கூறு. தமிழ் நூல்களைக் கணிப்பொறியிற் பதிப்பிக்கும் முதுகலை மாணவரும் ஆய்வாளரும் இன்று பெருகிவிட்டனர். அவர்தம் உழைப்பெல்லாம் களஞ்சியம் எனப்படும் ஒரு பெட்டியுள் இடப்படுகிறது. அப்பெட்டி எவ்வடிவினது, பத்தாண்டு கழித்துத் திறக்கப்படுமா, திறந்தால் உள்ளே இருப்பது இட்டதுதானா என்னும் வினாக்களைக் கேட்போர் சிலரே. அவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரை.

1. சொல்லும் பொருளும்

பதிப்புக் கட்டுப்பாடு எனக் கணிப்பொறித் தமிழில் வழங்கும் தொடரில் பதிப்பு என்பது, அச்சிட்டு வெளியிடும் நூற்பதிப்பைக் குறிப்பதன்று. ஒரு நூல் திருத்தந்தோறும் அடையும் நிலையைக் குறிப்பது. யார், எப்போது, எதனை, எதற்காகத் திருத்தினார் என்பதைத் திருத்தந்தோறும் பதிந்து வைத்து, வேண்டிய பழைய நிலையை மீட்டுத் தரும் கருவியே பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. அந்நிலைகள் யாவும் தொகுத்து வைக்கப்படும் இடம் களஞ்சியம். அவை உள்ளே அடுக்கப்படும் முறையே சேமிப்பு வடிவம்.

இதன் பயன் பதிப்பாசிரியர்க்குச் சொல்லாமலே விளங்கும். உ. வே. சாமிநாதையர் முதலிய பெருமக்கள் ஏடுகள் பலவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தமையால், அவர் கொண்ட பாடத்தை மட்டுமன்றிக் கொள்ளாது விடுத்த பாடத்தையும் நாம் அறிகிறோம். கணிப்பொறியில் ஒரு சொல்லை அழித்து வேறொன்றை எழுதினால் பழையது சுவடின்றி மறைகிறது. களஞ்சியம் இருப்பின் மறைவதில்லை. ஆகவே களஞ்சியம் அழிவது நூலின் அழிவன்று. நூல் உருவாகிய வரலாற்றின் அழிவு. பாடத்தை எக்காரணம் பற்றிக் கொண்டோம் என்னும் சான்றே போய்விடும்.

2. மூவகை அடுக்குமுறை

சேமிப்பு வடிவங்கள் பலவாயினும், அடிப்படையில் அவற்றை மூவகையாகக் கொள்ளலாம். இம்மூன்றும் நூற்பதிப்பு மரபில் நாம் முன்னரே அறிந்தவற்றை ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

முதலாவது, எல்லா நிலைகளையும் ஒரே கோப்பினுள் வரிவரியாகப் பின்னி வைக்கும் முறை. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் ஆக்கிய எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவி இவ்வாறு செய்தது. ஒவ்வொரு வரியும் எந்நிலையிற் புகுந்தது, எந்நிலையில் நீங்கியது என்னும் குறிப்போடு நிற்கும். எல்லா ஏடுகளின் பாடங்களையும் மூலத்திற்குள்ளேயே அடைப்புக்குறியிட்டு எழுதும் பதிப்பினை இஃது ஒக்கும்.

இரண்டாவது, அண்மை நிலையை முழுமையாக வைத்து, முந்தியவற்றை வேறுபாட்டுக் குறிப்புகளாகப் பின்னோக்கி வைக்கும் முறை. 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்து வால்டர் டிக்கி வெளியிட்ட ஆர்.சி.எஸ். இம்முறையினது. அதன் பின் வந்த சி.வி.எஸ். இதே கோப்பு வடிவத்தைக் கையாண்டது. கொண்ட பாடத்தை மேலே முழுதும் அச்சிட்டுப் பிற பாடங்களை அடிக்குறிப்பில் தரும் பதிப்பினை இஃது ஒக்கும். அண்மைப் பாடம் விரைந்து கிட்டும். பழையதை நோக்கிச் செல்லச் செல்ல உழைப்பு மிகும்.

மூன்றாவது, ஒவ்வொரு நிலையையும் முழுப் படமாகக் கருதும் முறை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் இவ்வகையினது. ஒவ்வோர் ஏட்டையும் முழுதாகவே படியெடுத்துக் காக்கும் சுவடி நூலகத்தை இஃது ஒக்கும். இடம் மிகுதியாகுமே எனின், மாறாத கோப்பு மீண்டும் எழுதப்படுவதில்லை. பின்னர்ப் பல பொருள்களை ஒரே பொதியாகக் கட்டும்போது ஒத்தவற்றிடையே வேறுபாட்டை மட்டும் வைத்துச் சுருக்கிக் கொள்ளும். அதே ஆண்டில் தோன்றிய மெர்க்குரியல், வேறுபாடுகளைத் தொடர்ந்து எழுதி, இடையிடையே முழுநிலையையும் வைப்பதால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்டதாகும்.

3. பசுங்கலமும் சுட்ட கலமும்

மேற்கூறிய பகுப்பினும் நுட்பமானது வேறொன்றுண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தில் களிக்குழம்பைச் சுண்ணச்சாந்து அச்சில் வார்த்து எடுத்து உலர்த்திய கலம் உறுதியாகத் தோன்றும். ஆயினும் அதனை நீரிலிட்டால் மீண்டும் சேறாகிவிடும். சூளையில் ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தைக் கடந்தபின், களிமண்ணின் கட்டமைப்பிற் கலந்திருந்த நீர் நீங்கிவிடுவதால், அது திரும்பவும் குழையாது. முன்னையது பசுங்கலம், பின்னையது சுட்ட கலம்.

ஒருமுறை எழுதிய கோப்பினை மறுபடி மாற்றும் வடிவங்கள் பசுங்கலம் போல்வன. ஆர்.சி.எஸ். கோப்பு ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முழுதும் புதிதாக எழுதப்படுகிறது. 2004இல் முதல் நிறைபதிப்பாக வெளிவந்த சப்வர்ஷன் தொடக்கத்தில் பெர்க்லி டிபி என்னும் தரவுத்தளத்தைச் சேமிப்பாகக் கொண்டது. எழுதும் பணி இடையில் அறுந்தால் களஞ்சியம் முடங்கி, மீட்புக் கட்டளையை வேண்டி நிற்றல் அதன் இயல்பு. ஓரினக் கணிப்பொறியில் ஆக்கிய தளத்தை வேறினக் கணிப்பொறிக்கு அப்படியே பெயர்த்தலும் இயலாது. இக்குறைகளை நீக்க, அதே ஆண்டில் 1.1 வெளியீட்டில் எப்.எஸ்.எப்.எஸ். என்னும் வடிவம் புகுந்தது. இதில் ஒவ்வொரு நிலையும் தனிக்கோப்பாக எழுதப்படும், எழுதியபின் மாற்றப்படாது. 2005இல் 1.2 வெளியீட்டில் இதுவே இயல்பு வடிவமாயிற்று; 2013இல் 1.8 வெளியீட்டில் பெர்க்லி டிபி கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டது. ஒரே கருவி, ஒரே பெயர், ஆயினும் உள்ளே இரு வேறு வடிவங்கள் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

கிட் களஞ்சியத்துப் பொருள்களும் சுட்ட கலங்களே. சுட்ட கலத்திற்கும் ஒரு குறையுண்டு. கோணலாயின் நிமிர்த்த இயலாது. வெளியிடத்தகாத செய்தியொன்று களஞ்சியத்துள் புகுந்துவிட்டால், அதனை நீக்கற்கு அந்நிலை தொடங்கிப் பின்வந்த நிலைகள் அனைத்தையும் புதிதாக வனைதல் வேண்டும்.

4. வடிவத்தை அடையாளங் காணுதல்

பழைய வட்டு ஒன்று நம் கையில் வருகிறது. அதனுள் ஒரு களஞ்சியம் இருப்பதாகக் கூறப்படுகிறது. முதற்கடமை அதனைத் திறத்தலன்று. முழுதும் படியெடுத்து வைத்தல். அடுத்த கடமை, எக்கருவியையும் இயக்காது, உள்ளிருக்கும் குறிகளை எளிய உரைக்காட்டி கொண்டு நோக்குதல். சில கருவிகள் தாம் காணும் பழைய வடிவத்தைக் கேளாமலே புதிதாக்கிவிடும். சப்வர்ஷனின் 1.7க்கு முந்தைய கருவிகள் பழைய பணிப்படியை இவ்வாறு உயர்த்தியதால், அதன்பின் பழைய கருவி அதனைப் படிக்க இயலாமற் போயிற்று.

குறிகள் கருவிதோறும் வேறுபடும். எஸ்.சி.சி.எஸ். கோப்பின் பெயர் எஸ் என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் புள்ளியும் கொண்டு தொடங்கும். ஆர்.சி.எஸ். கோப்பின் பெயர் காற்புள்ளியும் வி என்னும் எழுத்தும் கொண்டு முடியும். சி.வி.எஸ். கோப்பும் அவ்வாறே முடியுமாதலின் பெயரை மட்டும் கொண்டு துணிதல் ஆகாது, சி.வி.எஸ்.ரூட் என்னும் அடைவு உடனிருத்தல் கண்டு துணிக. சப்வர்ஷன் களஞ்சியத்தில் பார்மட் என்னும் சிறு கோப்பு வடிவ எண்ணைத் தாங்கி நிற்கும். டிபி என்னும் உள்ளடைவில் எப்எஸ்-டைப் என்னும் கோப்பு, சேமிப்பு எவ்வகையினது என்பதை ஒரு சொல்லாற் கூறும். கிட் களஞ்சியத்தின் கான்பிக் என்னும் கோப்பில் களஞ்சிய வடிவ எண் 0 என்றோ 1 என்றோ இருக்கும். 1 ஆயின் நீட்சிகள் எவை என்னும் பட்டியலும் தொடரலாம். மெர்க்குரியலில் ரிக்கொயர்ஸ் என்னும் கோப்பு, இதனைப் படிக்கும் கருவிக்கு இன்னின்ன ஆற்றல் வேண்டும் என்று வரிக்கொன்றாக உரைக்கும். அறியாத ஆற்றலைக் காணும் கருவி, தவறாகப் படிப்பதை விடுத்து, படிக்க மறுத்துவிடும். இம்மறுப்பு குறையன்று, காவலே என்க.

இவ்விடத்து மாணவர் பெரிதும் வழுவும் இரண்டனைச் சுட்டுதல் வேண்டும். ஒன்று, சப்வர்ஷனின் பணிப்படியைக் களஞ்சியமென மயங்குதல். பணிப்படியில் இருப்பது எடுத்துவந்த ஒரு நிலையே. வரலாறு முழுதும் வழங்கியில்தான் உண்டு. பணிப்படியைப் பேணிவிட்டு வழங்கியை நீக்கினோர் வரலாற்றை இழந்தவராவர். மற்றொன்று, கிட்டில் ஆழமிலாப் படியை முழுப்படியென மயங்குதல். ஷாலோ என்னும் பெயருடைய கோப்பு உள்ளே காணப்படின், வரலாறு இடையில் வெட்டப்பட்டது என்று அறிக.

5. மச்சமும் அந்தாதியும்

வடிவத்தை அறிந்தபின் எழும் வினா, உள்ளடக்கம் பழுதின்றி உள்ளதா என்பது. கிட் இதற்கு ஒரு வழி வகுத்துள்ளது. ஒவ்வொரு பொருளின் உள்ளடக்கத்தையும் கணித்துப் பெறும் ஓர் எண்ணே அப்பொருளின் பெயராகும். ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆகவே பெயரே மச்சம். எடுத்தபோது மீண்டும் கணித்து ஒப்பிடின் மாற்றுக் குறைந்ததா என்பது விளங்கும்.

இம்மட்டோ எனின், அன்று. ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்திய நிலையின் பெயரைத் தன்னுள் தாங்குகிறது. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதித் தொடையில், இடையே ஒரு பாட்டு விடுபட்டாலும் புதிதாய்ச் செருகப்பட்டாலும் தொடை தட்டிக் காட்டிக்கொடுக்கும் என்பதை அறிவோம். கிட்டின் வரலாறும் அத்தகைய அந்தாதியே. இடைச்செருகலை ஆராய்ந்து உழலும் நமக்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

எண் கணிக்கும் முறையும் வடிவத்தின் ஒரு கூறே. கிட் தொடக்கமுதல் ஷா-1 என்னும் முறையைக் கொண்டது. அதன்வழிப் பெயர் 40 குறிகளால் ஆவது. வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே எண் வருமாறு செய்தல் கூடும் என்று 2017இல் ஆம்சுடர்டாம் ஆய்வு மையத்தாரும் கூகுள் நிறுவனத்தாரும் செய்துகாட்டினர். 2020இல் வெளிவந்த 2.29 வெளியீட்டில் ஷா-256 முறைக் களஞ்சியம் சோதனையாக இடம்பெற்றது. அதன்வழிப் பெயர் 64 குறிகளால் ஆவது. பெயரின் நீளத்தைக் கண்டே முறையை அறியலாம். வெளிவந்த காலத்தில் இருவகைக் களஞ்சியங்களும் தம்முள் நேரே கொடுத்து வாங்க இயலாதனவாய் இருந்தமையின், தேர்வு செய்வோர் இதனை முன்னரே எண்ணுதல் வேண்டும்.

6. தமிழெழுத்தால் நேரும் இடர்

மச்சம் எழுத்தின் வடிவை நோக்குவதன்று, எழுத்துக்குரிய எண்ணை நோக்குவது. இதனால் தமிழ்க்கே உரிய இடரொன்று நேர்கிறது. ஒருங்குறியில் கொ என்பதை, ககரத்தின்பின் ஒகரக்குறியை ஓரெண்ணாக இட்டும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் ஈரெண்ணாக இட்டும் எழுதலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் நிகரே. கண்ணுக்கும் வேறுபாடு தோன்றாது. கருவிக்கோ இரண்டும் வெவ்வேறு. முதுகுன்றப் பதிகமொன்றை இரு மாணவர் இரு விசைப்பலகை கொண்டு உள்ளிடின், ஒரே சொல் பாடவேறுபாடாகத் தோன்றும். உண்மை வேறுபாடு பொய் வேறுபாடுகளினிடையே மறைந்துபோகும். எனவே ஒருங்குறியின் சேர்த்தெழுதும் இயல்புவடிவம் ஒன்றையே கொள்வதென முதற்பதிவுக்கு முன் துணிந்து, அத்துணிபைக் களஞ்சியத்துள்ளேயே எழுதி வைத்தல் தக்கது.

குறியில்லாக் கோப்பின் துன்பத்தைத் தமிழுலகம் முன்னரே கண்டது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் டிஸ்கி குறியேற்றத்தில் வழங்கிப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிற்று. டிஸ்கியில் அமைந்த வெற்றுரைக் கோப்பு, தான் டிஸ்கியினது என்று யாண்டும் சொல்வதில்லை. பொருந்திய எழுத்துரு இல்லையேல் அது வெறும் குறிக்குப்பையாகவே தோன்றும். தன் வடிவைத் தானே உரைக்கும் சேமிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

7. வடிவம் பெயர்த்தல்

எவ்வடிவமும் நிலைத்ததன்று. கனோனிகல் நிறுவனத்தின் துணையால் வளர்ந்த பாசார் என்னும் கருவி தன் சேமிப்பு வடிவத்தைப் பலகால் மாற்றியது, 2009இல் 2.0 வெளியீட்டில் 2ஏ என்பது இயல்பு வடிவமாயிற்று. பின்னர்க் கருவியின் வளர்ச்சியே நின்றது. பிரீசி என்னும் வழித்தோன்றல் இருத்தலின் அக்களஞ்சியங்களைப் படித்தல் இயலுகிறது. ஆகவே பெயர்த்தல் என்றேனும் நேர்வதே.

அதற்குரிய முறையை நம் முன்னோர் கல்லிற் காட்டியுள்ளனர். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1013ஐ ஒட்டி, ஆணையிட்டான். சுவர்களைப் பிரிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1026ஐ ஒட்டி, அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாவணங்கள் கல்லை விடுத்து ஏட்டில் வாழ்ந்தன. அவ்வேடு இல்லையேல் கொடைகளின் வரலாறு சுவரோடு ஒழிந்திருக்கும்.

இதுவே இன்றும் செய்யத்தக்கது. சப்வர்ஷனில் டம்ப் என்னும் கட்டளை களஞ்சியத்தின் நிலைகள் அனைத்தையும் வடிவஞ் சாராத ஒழுக்காக வெளியிடும். லோட் என்பது அதனைப் புதிய களஞ்சியத்துள் ஏற்றும். பெர்க்லி டிபியிலிருந்து எப்.எஸ்.எப்.எஸ்.ஸுக்குப் பெயர்ந்தோர் சென்ற வழி இதுவே. கிட்டில் பாஸ்ட்-எக்ஸ்போர்ட் என்பது வரலாற்றைப் பிற கருவிகளும் ஏற்கும் ஒழுக்காகத் தரும். பண்டில் என்பது களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டித் தரும். பெயர்த்தபின் நிலைகளின் எண்ணிக்கை, முதல்நிலை, இறுதிநிலை, இடையில் சில நிலைகள் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டுக் கண்டபின்னரே பழைய சுவரைப் பிரித்தல் வேண்டும். வேறு கருவிக்குப் பெயர்க்குங்கால் நிலைகளின் பெயர் மாறும். ஆதலின் பழம்பெயர்க்கும் புதுப்பெயர்க்கும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று வைத்தல் நன்று. ஆய்வேடுகளில் பழம்பெயரைச் சுட்டியோர் அப்பட்டியலின்றி வழிதவறுவர்.

8. தேர்தல்

மேற்கூறியவற்றால் தேர்வுக்குரிய அளவுகோல் ஐந்து எனக் கொள்ளலாம். தன் வடிவைத் தானே உரைத்தல், எழுதியதை மாற்றாமை, பழுதைத் தானே காட்டுதல், ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளால் படிக்கப்படுதல், வடிவஞ் சாராத ஒழுக்காக வெளிவருதல் என்பன அவை.

நூற்பாடத்தைப் பதிப்பிப்போர்க்குக் கிட் இவ்வைந்திலும் பொருந்துகிறது. அதன் வடிவத்தைப் படிக்கும் கருவிகள் சி, ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளில் தனித்தனியே எழுதப்பெற்றுள்ளன. ஒன்று மறையினும் பிற உதவும். ஓலைச்சுவடிகளின் நிழற்படங்களைத் திரட்டுவோர் நிலை வேறு. பெரிய படக்கோப்புகளை அடிக்கடி மாற்றின், கிட்டின் ஒவ்வொரு முழுப்படியும் அவற்றின் நிலைகள் அனைத்தையும் சுமக்கும். அத்தகையோர்க்கு, வரலாற்றை வழங்கியில் வைத்து அண்மை நிலையை மட்டும் தரும் சப்வர்ஷனின் எப்.எஸ்.எப்.எஸ். தக்கது, அன்றிப் படங்களைப் புறத்தே வைத்து, அவற்றின் மச்சப் பட்டியலை மட்டும் கிட்டில் இடுதலும் ஆம். முன்னரே எஸ்.சி.சி.எஸ்., ஆர்.சி.எஸ்., பெர்க்லி டிபி ஆகிய வடிவங்களில் இருப்பனவற்றைக் கருவி கிடைக்கும் இக்காலத்தே பெயர்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

முடிவுரை

களஞ்சியத்தைத் தேர்வோர் பலர் கருவியின் பெயரைக் கேட்டு அமைகின்றனர். பெயர் ஒன்றாக இருப்பினும் உள்ளிருக்கும் வடிவம் வேறாகலாம் என்பதைச் சப்வர்ஷன் வரலாற்றிற் கண்டோம். ஆகவே ஒவ்வொரு துறையும் தன் களஞ்சியத்தின் அருகே ஒரு சிறு குறிப்பேட்டை வைத்தல் வேண்டும். எக்கருவி, எவ்வெளியீடு, எச்சேமிப்பு வடிவம், எவ்வெழுத்துக் குறியேற்றம், இறுதிநிலையின் பெயர் யாது, வெளியிட்ட ஒழுக்கின் படி எங்குள்ளது என்னும் ஆறு செய்திகள் அதில் போதும். அது கணிப்பொறியில் மட்டுமன்றித் தாளிலும் இருத்தல் வேண்டும்.

ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது பேதைமை என்பது உலக வழக்கு. மச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவர்க்கு அஃது அவ்வாறு ஆகவில்லை என்பது முதுகுன்றத்து வரலாறு.